ஒரு சாட்சி போதாது: காமாக் கதிர் வெடிப்புகளும் அணுச் சோதனை அரசியலும்

2025 ஒக்டோபர் 30 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் தனது சமூக வலைத்தளத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஏனைய நாடுகளுக்குச் சமமாக அணு ஆயுதங்களைச் சோதிக்கத் தொடங்குமாறு உத்தரவிட்டிருப்பதாக அதில் கூறியிருந்தார். சில நாட்களில் அந்நாட்டின் சக்தித்துறைச் செயலாளர் கிறிஸ் ரைட், இவை அணு வெடிப்புகள் அல்ல, ஆயுதத்தின் ஏனைய பாகங்களைச் சரிபார்க்கும் சோதனைகளே என்று விளக்கமளித்தார். அமெரிக்கா கடைசியாக ஓர் அணுகுண்டை வெடிக்க வைத்துச் சோதித்தது 1992 செப்டெம்பரில். ரஷ்யாவோ முழுமையான அணுச் சோதனைத் தடை உடன்படிக்கைக்குத் தான் வழங்கியிருந்த ஏற்புறுதியை 2023 நவம்பரில் மீளப் பெற்றுக்கொண்டது.

இந்தச் செய்திகளை வாசிக்கும்போது எனக்குள் எழும் கேள்வி ஒன்றுதான். ஒரு நாடு இரகசியமாகக் குண்டு வெடிக்க வைத்துவிட்டு, "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று கையை விரித்தால், நடந்தது என்று எப்படி நிறுவுவது? எங்கே நடந்தது என்று எப்படிக் காட்டுவது?

அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே கேள்விக்கு விடை தேடி அனுப்பப்பட்ட செய்மதிகள்தான், பிரபஞ்சத்தின் மிகப் பெரிய வெடிப்புகளைத் தற்செயலாகக் கண்டுபிடித்தன. அவற்றைக் காமாக் கதிர் வெடிப்புகள் என்கிறார்கள். அந்த வெடிப்புகளின் இடத்தை அறிவியலாளர்கள் கண்டறிந்த விதம், வானியலில் ஆர்வம் இல்லாதவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்பது எனது எண்ணம். சாட்சியம் என்றால் என்ன, அது எப்போது மறுக்க முடியாததாகிறது என்பதை அந்தக் கதை நன்றாகவே காட்டுகிறது.

சந்திரனுக்குப் பின்னால் ஒரு குண்டு

1963 ஓகஸ்ட் 5 ஆம் திகதி மொஸ்கோவில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச் சோதனை செய்வதை அது தடை செய்தது. ஒக்டோபர் 10 ஆம் திகதி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. சரியாக ஒரு வாரத்தில், ஒக்டோபர் 17 ஆம் திகதி, அமெரிக்கா வேலா என்ற பெயரில் முதலாவது சோடிச் செய்மதிகளை ஏவியது. கண்விழித்துக் காத்திருத்தல் என்ற பொருள் தரும் ஸ்பானிய வினைச்சொல்லில் இருந்து வந்த பெயர் அது. கைச்சாத்திட்ட மை காயும் முன்னரே காவலுக்கு ஆள் போட்டார்கள் என்று சொல்லலாம்.

வேலா செய்மதிகள் பூமியிலிருந்து ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கும் அப்பால் சுற்றின. சோவியத் ஒன்றியம் சந்திரனின் மறுபக்கத்தில் குண்டை வெடிக்க வைத்தால் என்ன செய்வது என்ற அச்சமும் அமெரிக்கர்களிடம் இருந்தது. வெடிப்பின் வெளிச்சத்தைச் சந்திரன் மறைத்துவிடும். ஆனால் வெடிப்பில் பிறக்கும் கதிரியக்க முகில் விரிந்து சந்திரனின் ஓரத்தைத் தாண்டி வரும். அப்போது அதிலிருந்து வெளியேறும் காமாக் கதிர்களைச் செய்மதி பிடித்துவிடும் என்பது கணக்கு.

1967 யூலை 2 ஆம் திகதி வேலாவின் உணரிகளில் ஒரு காமாக் கதிர்த் துடிப்பு பதிவானது. நியூ மெக்சிக்கோவில் உள்ள லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரே கிளெபெசாடெல், ரோய் ஒல்சன் ஆகியோர் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தபோது, 1969 இல்தான் அது அவர்களின் கண்ணில் பட்டது. அணுகுண்டின் காமாக் கதிர் செக்கனின் மிகச் சிறிய பகுதிக்குள் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் சீராகத் தணியும். இந்தத் துடிப்போ பல செக்கன்கள் நீடித்தது, இரண்டு உச்சங்களையும் கொண்டிருந்தது. ஆகவே குண்டு இல்லை. அப்படியென்றால் என்ன? எங்கிருந்து வந்தது? அந்தக் காலக் கருவிகளால் அதைச் சொல்ல முடியவில்லை.

யாருக்கு முதலில் கேட்டது?

காமாக் கதிரை வில்லை வைத்தோ கண்ணாடி வைத்தோ சாதாரண ஒளியைப் போலக் குவிக்க முடியாது. உணரியில் இருக்கும் பளிங்கில் அது மோதும்போது ஒரு சிறு மின்னல் எழும். "இப்போது ஏதோ வந்தது" என்று மட்டுமே கருவி சொல்லும். எந்தத் திசையிலிருந்து என்று சொல்லாது.

போர்க்காலத்தில் வாழ்ந்த எம்மில் பலருக்கு இந்தச் சிக்கலை விளக்கத் தேவையில்லை. தூரத்தில் எறிகணை குத்தும் சத்தம் கேட்கும். கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்குவோம். எங்கிருந்து அடிக்கிறான் என்று ஒருவர் ஒரு திசையைச் சொல்வார், பக்கத்துக் குழியில் இருப்பவர் இன்னொரு திசையைச் சொல்வார். ஒரு இடத்தில் இருந்து கேட்கும் ஒரு சத்தம் அவ்வளவுதான் சொல்லும்.

ஆனால் ஒரே சத்தத்தை வெவ்வேறு இடங்களில் இருக்கும் மூன்று பேர், ஒரே நேரம் காட்டும் மணிக்கூடுகளுடன் கேட்டுக் குறித்து வைத்தால் கதை மாறும். யாருக்கு முதலில் கேட்டது, மற்றவருக்கு எத்தனை செக்கன் கழித்துக் கேட்டது என்ற வித்தியாசத்தில் இருந்து இடத்தைக் கணக்கிடலாம். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் இருந்த பௌதிகவியலாளர் லோறன்ஸ் பிராக் எதிரியின் பீரங்கிகளைக் கண்டுபிடித்தது இந்த முறையில்தான்.

வேலாவுக்கும் இதே கணக்கு. காமாக் கதிர் ஒளியின் வேகத்தில், செக்கனுக்கு சுமார் மூன்று இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் வரும். செய்மதிகள் இரண்டும் தம் சுற்றுப்பாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றால் அவற்றுக்கு இடையே இரண்டு இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கும். ஆகவே ஒன்றைத் தொட்ட கதிர் மற்றையதைத் தொட, திசையைப் பொறுத்து ஒரு செக்கனுக்குச் சற்றுக் குறைவான நேரம் வரை தாமதமாகலாம். அந்தத் தாமதம் வானத்தில் ஒரு வட்டத்தைத் தரும். வெடிப்பு அந்த வட்டத்தில் எங்கோ இருக்கிறது. மூன்றாவது செய்மதி இன்னொரு வட்டத்தைத் தரும். இரண்டு வட்டங்களும் வெட்டும் புள்ளிகள் இரண்டு. நான்காவது செய்மதி இருந்தால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும்.

1969 இலும் 1970 இலும் ஏவப்பட்ட புதிய வேலாக்களில் மணிக்கூடுகள் இதற்குப் போதிய அளவு துல்லியமாக இருந்தன. 1969 யூலை முதல் 1972 யூலை வரையில் பதிவான 16 வெடிப்புகளை ஆராய்ந்து, அவை பூமியில் இருந்தோ சூரியனில் இருந்தோ வரவில்லை என்று கிளெபெசாடெல், இயன் ஸ்ரோங், ஒல்சன் ஆகிய மூவரும் 1973 யூன் மாதம் உலகுக்கு அறிவித்தார்கள். முதல் பதிவுக்கும் அறிவிப்புக்கும் இடையில் ஆறு ஆண்டுகள்.

இடம் தெரியாத இருபத்துநான்கு ஆண்டுகள்

வெடிப்பது தெரியும், எவ்வளவு தூரத்தில் வெடிக்கிறது என்பது தெரியாது. இந்த நிலை 1997 வரை நீடித்தது. 1991 இல் நாசா ஏவிய கொம்ரன் விண்கலம் ஒன்பது ஆண்டுகளில் 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை வானம் முழுவதும் சமமாகப் பரவிக் கிடந்தன. எமது பால்வீதிக்குள் இருந்து வந்திருந்தால் பால்வீதியின் பட்டையை ஒட்டியே அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆயினும் ஒவ்வொரு வெடிப்பின் இடத்திலும் பல பாகை தவறு இருந்தது. முழுநிலவின் அகலமே அரைப் பாகைதான். அவ்வளவு பெரிய பரப்பில் ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் கிடக்கும்போது எதைக் காட்டுவது?

1997 பெப்ரவரி 28 ஆம் திகதி இத்தாலி, நெதர்லாந்து நாடுகளின் பெப்போசாக்ஸ் செய்மதி ஒரு வெடிப்பைப் பிடித்தது. சில மணித்தியாலங்களில் தனது எக்ஸ் கதிர்த் தொலைகாட்டியை அந்தப் பக்கம் திருப்பியபோது, வெடிப்பு முடிந்த இடத்தில் ஒரு தணல் மங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைத் தரையில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். கனறித் தீவுகளின் லா பல்மாவில் உள்ள வில்லியம் ஹேர்ஷல் தொலைகாட்டி, அதே புள்ளியில் சாதாரண ஒளியும் மங்கிப்போவதைக் கண்டது. அதே ஆண்டு மே மாதத்தில் இன்னொரு வெடிப்பின் ஒளியை ஹவாயின் கெக் தொலைகாட்டி பகுத்து ஆராய்ந்தபோது, அது பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருந்து வந்தது உறுதியானது.

இன்று காரணமும் பெருமளவு தெளிவாகிவிட்டது. மிகப் பெரிய விண்மீன் தனது பாரத்தைத் தாங்காமல் இடிந்து கருந்துளையாகும்போது பெரும்பாலும் நீண்ட வெடிப்பு எழுகிறது. நியூத்திரன் விண்மீன்கள் இரண்டு மோதி இணையும்போது குறுகிய வெடிப்பு எழுகிறது.

2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விப்ட் விண்கலம் தேடலை விரைவுபடுத்தியது. வெடிப்பைக் கண்டதும் யாருடைய கட்டளைக்கும் காத்திராமல், ஒன்றிரண்டு நிமிடத்திற்குள் தானே திரும்பி நுணுக்கமாகப் பார்க்கும். 2008 மார்ச் 19 ஆம் திகதி அது கண்ட வெடிப்பின் ஒளி, சுமார் 750 கோடி ஒளியாண்டுகள் தாண்டி வந்தும், அரை நிமிடம் அளவில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தில் இருந்தது. இலங்கையைத் தாயகமாக்கிக்கொண்ட எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் கொழும்பில் காலமாகிச் சில மணித்தியாலங்களே ஆகியிருந்தன. அதனால் அந்த வெடிப்புக்கு அவரின் பெயரை இட வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. இலங்கையில் அப்போது முற்பகல். அந்த ஒளி இங்கே தெரிந்திருக்க வழியில்லை. அந்த மாதங்களில் வன்னியில் இருந்தவர்கள் வானத்தைப் பார்த்ததும் வேறு காரணத்துக்காக. 'வண்டு' என்று நாங்கள் அழைத்த வேவு விமானத்தின் இரைச்சல் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தோம்.

கேட்காத காதும் சாட்சி சொன்னது

2017 ஓகஸ்ட் 17 ஆம் திகதி நடந்ததுதான் இந்தக் கதையின் உச்சம். நியூத்திரன் விண்மீன்கள் இரண்டு மோதியதில் எழுந்த ஈர்ப்பலையை அமெரிக்காவின் இரண்டு லைகோ நிலையங்களும் பதிவு செய்தன. 1.7 செக்கன் கழித்து பேர்மி விண்கலத்தில் ஒரு காமாக் கதிர் வெடிப்பு பதிவானது. இத்தாலியில் உள்ள விர்கோ நிலையமும் அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதில் அலை மிக மெலிதாகவே பதிவாகியிருந்தது.

விர்கோவின் மௌனத்தை யாரும் புறக்கணிக்கவில்லை. நன்றாக இயங்கும் கருவிக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றால், வெடிப்பு அந்தக் கருவியின் குருட்டுப் புள்ளிக்கு அருகே இருக்க வேண்டும். அந்தத் தர்க்கத்தால் தேட வேண்டிய பரப்பு சுமார் 30 சதுரப் பாகைக்குச் சுருங்கியது. பதினொரு மணித்தியாலங்களுக்குள் சிலியில் உள்ள ஒரு மீற்றர் அளவேயான ஸ்வோப் தொலைகாட்டி, சுமார் 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில் புதிய ஒளிப் புள்ளியைக் கண்டுபிடித்தது. உலகெங்கும் சுமார் எழுபது அவதான நிலையங்கள் அதைப் பார்த்தன.

2022 ஒக்டோபர் 9 ஆம் திகதி பதிவான வெடிப்பு, இதுவரை கண்டவற்றில் மிகப் பிரகாசமானது. அது பூமியின் மேல் வளிமண்டலத்தையே சற்றுக் குழப்பியது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 4,400 மீற்றர் உயரத்தில் உள்ள லாசோ நிலையம், முதல் ஐம்பது நிமிடங்களில் அந்த வெடிப்பின் மிகுசக்தி காமாக் கதிர்த் துணிக்கைகளை 64,000 இற்கும் மேல் எண்ணியது. காமாக் கதிர் நேரடியாகத் தரையைத் தொடுவதில்லை. அது வளிமண்டலத்தில் மோதும்போது துணிக்கைகள் மழையாகக் கொட்டும், கண நேர நீல ஒளியும் எழும். தரை நிலையங்கள் பிடிப்பது இவற்றைத்தான். அந்த நீல ஒளியைப் பிடிக்கும் மேஸ் என்ற 21 மீற்றர் தொலைகாட்டியை இந்தியா லடாக்கின் ஹன்லேயில் அமைத்து, 2024 ஒக்டோபரில் திறந்து வைத்தது.

இவை அனைத்துக்கும் அடியில் ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. ஒரு செய்மதி வெடிப்பைக் கண்டதும் அதன் நேரமும் திசையும் செக்கன்களில் இணையவழியே வெளியிடப்படுகின்றன. நாசா நடத்தும் அந்த அறிவிப்பு வலையமைப்பில் எவரும் இலவசமாகச் சேரலாம். அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் வேறு எதில் முரண்பட்டாலும், வெடிப்பின் இடத்தைக் கணக்கிடும்போது மூன்று நாட்டுக் கருவிகளின் நேரக் குறிப்புகளும் ஒரே கணக்கில் சேர்கின்றன.

ஸ்விப்ட்டுக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. சூரியச் செயற்பாடு அதிகரித்ததால் மேல் வளிமண்டலம் விரிந்து, உராய்வில் அதன் சுற்றுப்பாதை எதிர்பார்த்ததை விட விரைவாகத் தாழ்ந்தது. அதை மேலே தள்ளிவிடுவதற்காக 2025 செப்டெம்பரில் நாசா ஒரு தனியார் நிறுவனத்துக்கு 3 கோடி டொலர் ஒப்பந்தம் வழங்கியது. பழையதை விழவிட்டுப் புதிதை ஏவலாம் என்று இருக்காமல் இருபது வயதுக் கருவியைக் காப்பாற்றப் பணம் செலவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கண் மூடினால் மற்றக் கண்களின் பெறுமதியும் குறைகிறது.

1979: ஒரு சாட்சி மட்டும் இருந்தபோது

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1979 செப்டெம்பர் 22 ஆம் திகதி ஆபிரிக்காவுக்குத் தெற்கே, ஆள் நடமாட்டமற்ற கடற்பரப்பின் மேல் ஒரு வேலா செய்மதி இரட்டை மின்னலைக் கண்டது. வளிமண்டலத்தில் வெடிக்கும் அணுகுண்டின் அடையாளம் அந்த இரட்டை மின்னல். இஸ்ரேல், தென்னாபிரிக்கா ஆகியவற்றின் மீது சந்தேகம் எழுந்தது.

ஆனால் பார்த்தது ஒரேயொரு செய்மதி. அதுவும் தனது ஆயுட்காலத்தைத் தாண்டிய பழைய செய்மதி. பௌதிகவியலாளர் ஜக் ருய்னா தலைமையில் வெள்ளை மாளிகை அமைத்த குழு, அது அணு வெடிப்பாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும், சிறு விண்கல் ஒன்று செய்மதியில் மோதியதால் எழுந்த ஒளியாக இருக்கலாம் என்றும் 1980 இல் முடிவு சொன்னது. லொஸ் அலமோஸ் அறிவியலாளர்கள் உட்படப் பலர் அதை ஏற்கவில்லை. இன்று வரை எந்த நாடும் பொறுப்பேற்கவில்லை, எந்த நாடும் தண்டிக்கப்படவும் இல்லை.

இரண்டு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடந்த வெடிப்பின் முகவரியை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். இதே பூமியின் கடலில் நடந்த ஒன்றை நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் நிறுவ முடியவில்லை. இரண்டாவதில் சாட்சி தனித்து நின்றது. தரவு ஒரு அரசின் கையில் இருந்தது. தீர்ப்புச் சொன்ன குழுவை அமைத்ததும் அதே அரசுதான்.

எமக்கு இதில் என்ன இருக்கிறது?

வானத்து வெடிப்பையும் மண்ணில் நடந்த கொலைகளையும் ஒப்பிடுவது எனது நோக்கமல்ல. விண்மீனின் கதிர் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மண்ணில் சாட்சிகளை வெளியேற்ற முடியும். 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசு பணித்தது. சுயாதீன ஊடகவியலாளர்களும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அதன் பின்னர் அங்கே நடந்தவற்றுக்கு வெளியுலகில் இருந்த கண்களில் செய்மதியும் ஒன்று. 2009 மே மாதத்தில் அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கம், பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட பகுதியின் வர்த்தகச் செய்மதிப் படங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் தந்த அறிக்கையிலும் செய்மதிப் படங்கள் இடம்பெற்றன.

ஆனாலும் செய்மதிப் படம் ஒரு சாட்சி மட்டுமே. குழிகளை அது காட்டும். குழிக்குள் யார் இருந்தார்கள் என்று சொல்லாது. அதைச் சொல்லக் கூடியவர்கள் எமது தாய்மாரும், அங்கே கடமையாற்றிய வைத்தியர்களும், உயிர்தப்பி வந்தவர்களும்தான். அவர்கள் தனித்தனியாகச் சொன்னபோது "மிகைப்படுத்தல்" என்று தள்ளிவிடுவது இலகுவாக இருந்தது. ஒருவர் சொன்ன திகதியும் நேரமும் இடமும், அவரை அறியாத இன்னொருவரின் குறிப்போடும், ஒரு வைத்தியசாலைப் பதிவோடும், ஒரு செய்மதிப் படத்தோடும் பொருந்தும்போதுதான் தள்ளிவிட முடியாமல் போகிறது. 2021 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானம், சான்றுகளைத் திரட்டிப் பேணும் பொறுப்பை மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்திடம் ஒப்படைத்ததன் பயனும் இதுவே. தீர்ப்பு எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது. நேரமும் இடமும் குறிக்கப்படாத நினைவு காலம் போகப்போக மங்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். வேலாவின் பதிவு இரண்டு ஆண்டுகள் யாரும் பார்க்காமல் கிடந்தும் பயன்பட்டதற்குக் காரணம், அதில் நேரம் குறிக்கப்பட்டிருந்ததே.

அணுச் சோதனை விடயத்தில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. முழுமையான சோதனைத் தடை உடன்படிக்கையில் 1996 இல் கைச்சாத்திட்ட இலங்கை, 2023 யூலையில்தான் அதற்கு ஏற்புறுதி வழங்கியது. கண்டிக்கு அருகே பல்லேகலவில் இருக்கும் நிலநடுக்கப் பதிவு நிலையம் அந்த உடன்படிக்கையின் உலகளாவிய கண்காணிப்பு வலையமைப்பைச் சேர்ந்தது. வடகொரியா 2006 முதல் 2017 வரை நடத்திய ஆறு சோதனைகளையும் அந்த வலையமைப்பு கண்டறிந்தது. ஆனால் உடன்படிக்கை நடைமுறைக்கு வர இன்னும் ஒன்பது நாடுகளின் ஏற்புறுதி தேவை. எமது அயலில் உள்ள இந்தியாவும் பாகிஸ்தானும் கைச்சாத்திடவே இல்லை. நிலையங்களின் தரவும் உறுப்பு நாடுகளுக்கே செல்கிறது. விண்வெடிப்பு அறிவிப்பைப் போலப் பொதுமக்களுக்குத் திறந்து விடப்படவில்லை.

வல்லரசுகள் மீண்டும் சோதனை பற்றிப் பேசும் இந்த நேரத்தில், அந்தத் தரவைப் பொதுவெளிக்குக் கொண்டு வருமாறு உறுப்பு நாடு என்ற வகையில் இலங்கை கேட்கலாம். தனது மண்ணில் நடந்தவற்றைப் பற்றிய ஆவணங்களைத் திறக்க மறுக்கும் அரசு அதைக் கேட்குமா என்பது வேறு விடயம். எம்மால் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்னும் உயிரோடு இருக்கும் சாட்சிகளிடம் சென்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்காமல், எந்த நாள், எத்தனை மணி, எந்த ஒழுங்கை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.